அம்முச்சியின் பால் பணத்தை எங்கே கொடுப்பது?

அம்மாவின் அம்மாவை எங்கள் பக்கம் அம்முச்சி என்போம். எங்கள் அம்முச்சியின் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு வெள்ளைச் சேலைகள், ஒரு திருநீற்றுப் பை, கட்டுக் கட்டாகப் பால் அட்டைகள். காலையும் மாலையும் பால் சொசைட்டியில் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்று எழுதித் தரும் அட்டைகள் அவை. ஓரங்கள் செல்லரித்துப் போயிருந்தாலும் ஒவ்வொன்றின் மேலும் அவர் பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. பெட்டியின் அடியில் கூட்டுறவுச் சங்கத்து வைப்புத்தொகை ரசீது, 6 லட்சம் ரூபாய்க்கு.

இந்தப் பணம் இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். படுக்கையில் விழுந்த பிறகு என் அம்மாவைக் கூப்பிட்டு, "பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஆகிற மாதிரி கொடுத்துவிடு அம்மணி. சாமிக்குப் பயந்தவர்கள் கையில் கொடு" என்று சொல்லியிருந்தார். எந்தச் சாமி என்று அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரியம்மா, அம்மா, சின்னம்மா, நான் ஆகிய நால்வரும் மூன்று மாதங்கள் ஞாயிறுதோறும் அலைந்தோம். காரை ஓட்டி வந்தவர் அம்முச்சியின் அண்ணன் மகன், எனக்கு மாமா. பெற்றவர்கள் நினைவாக ஒரு தொகையை நல்ல காரியத்துக்கு ஒதுக்கும் வழக்கம் கொங்கு நாட்டில் பல குடும்பங்களில் உண்டு. பெரும்பாலும் முதலில் வாய்க்கு வருகிற இடத்துக்கே அந்தப் பணம் போய்விடுகிறது. நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு முதலில் வாய்க்கு வந்தது அம்முச்சி பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோயில். மாமா அதன் திருப்பணிக் குழுவில் இருக்கிறார். அன்னதானக் கூடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், 6 லட்சம் கொடுத்தால் அம்முச்சி பெயரைக் கல்லில் வெட்டி வைப்பார்கள். ஆண்டுதோறும் கூட்டத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது அந்தக் குலத்துப் பிள்ளைகளுக்கு, கல்வி உதவியும் தருகிறார்கள். இந்தக் கோயில்களின் வலிமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. கும்பாபிஷேகம் என்று ஒரு சொல் போனால் போதும், அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை வரை பணம் அனுப்புகிறான். கணக்கும் சுத்தமாகவே இருக்கிறது.

பெரியம்மாதான் வாயைத் திறந்தார். 1990களில் தன் மகளை நர்சிங் படிக்க வைக்க அதே கோயிலில் உதவி கேட்டாராம். மகள் வழிப் பேத்தி நம் கூட்டத்தில் சேர மாட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை, விதி அப்படித்தான் இருந்தது.

அந்த விதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோயிலுக்கு வரி வாங்குவது தலைக்கட்டுக் கணக்கில். கல்யாணமான ஆண் ஒருவர் என்றால் ஒரு தலைக்கட்டு. பெண் பிறந்தபோது அப்பாவின் கூட்டம், தாலி ஏறியதும் கணவனின் கூட்டம். அம்முச்சிக்கு 26 வயதில் தாலி இறங்கியது, கையில் மூன்று பெண் குழந்தைகள். ஆண் வாரிசு இல்லாத வீடு என்று புகுந்த ஊர்க் கோயில் பட்டியலில் அந்தத் தலைக்கட்டு நின்றுபோனது. பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தார். இங்கே அவர் கட்டிக்கொடுத்த பெண். பொங்கலுக்குக் கூப்பிடுவார்கள், சேலை எடுத்துக் கொடுப்பார்கள், பட்டியலில் பெயர் ஏறாது. இரண்டு கோயில்களும் அவரிடம் வரி கேட்கவில்லை. கேட்காதது சலுகை போலத் தெரியும். வரி கொடுக்காதவருக்குப் பொதுக்குழுவில் வாய் இல்லை, உதவி கேட்கும் உரிமையும் இல்லை. அண்ணன் கல்யாணத்தில், மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவளை நிறுத்திச் செய்யும் இணைச்சீர்ச் சடங்கில், கூட நின்ற தங்கை அவர். அந்த அண்ணன் கைவிடவில்லை. எருமை வாங்க வட்டியில்லாமல் பணம் கொடுத்தார். அண்ணன் நல்லவராக அமைந்ததால் என் அம்மா பிழைத்தார்.

காரில் திரும்பும்போது பெரியம்மா கேட்டார். "என் அம்மா அன்றைக்கு எங்கள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றிருந்தால், யார் கதவைத் திறந்திருப்பார்கள்?" அதன் பிறகு போன எல்லா இடங்களிலும் நாங்கள் மனதில் வைத்துப் பார்த்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

அடுத்து அரசு அறநிலையத் துறைக் கோயில்கள். 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் கோயில்களில் மதியச் சாப்பாடு போடுகிறார்கள். பழனியில் 2012 முதல் நாள் முழுவதும் பந்தி நடக்கிறது. அம்முச்சி பெயரில் ஒரு தொகை கட்டினால் ஒவ்வோர் ஆண்டும் அவர் திதியன்று சாப்பாடு போடலாம். கொடுக்கும் முன் நாமே சாப்பிட்டுப் பார்ப்போம் என்று பேரூருக்குப் போனோம்.

எனக்கு எதிரே ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். சாம்பார் சோற்றை முடித்துவிட்டு, மிச்சச் சோற்றைக் கூட்டி, நடுவில் விரலால் குழி பறித்து, ரசத்துக்காகக் காத்திருந்தார். ரசம் வந்ததும் குழியின் கரை உடையாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு பருக்கை வெளியே போகவில்லை. நொய்யல் கரையில் திதி கொடுக்க வருகிறவர்களுக்கு எள்ளும் தர்ப்பையும் எடுத்துக் கொடுக்கிற வேலையாம். ஊர் எது என்று அம்மா கேட்டதற்கு, "இதுதான்" என்று தரையைக் காட்டினார்.

அந்தப் பந்தியில் யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை. சாதியும் கூட்டமும் கேட்கவில்லை, கணவன் இருக்கிறாரா என்றும் கேட்கவில்லை. குலதெய்வக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. பெரியம்மாவின் கேள்விக்கு இங்கே பாதிப் பதில் இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்திருந்தால் நான்கு பேருக்கும் வயிறு நிறைந்திருக்கும். இரவுக்கு எங்கே போவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பெரிய கோயில்கள் சோறு போடுவதோடு நிற்பதில்லை. பழனிக் கோயில் 1970இலிருந்து ஒரு மகளிர் கல்லூரியையே நடத்தி வருகிறது. ஏழை மணமக்களுக்குக் கோயில்களில் 4 கிராம் தங்கத் தாலியும் சீர்வரிசையும் கொடுத்துக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். அறங்காவலர் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று அறநிலையத் துறைச் சட்டமே சொல்கிறது. மாமாவின் திருப்பணிக் குழுவில் பதினோரு பேர், பெண் ஒருவர்கூட இல்லை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அன்னதானத்துக்கோ திருப்பணிக்கோதான் போகிறது. தாலி வாங்கப் போகிறவளுக்கு வழி இருக்கிறது. தாலியை இழந்து பிள்ளைகளோடு நிற்பவளுக்கு இன்ன கணக்கில் கொடுங்கள் என்று கோயில் அலுவலகத்தில் எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

படிப்புக்குக் கொடுக்கலாம் என்பது சின்னம்மாவின் விருப்பம். அவர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இதில் கோவைக்குப் பெரிய வரலாறு உண்டு. 1930இல் அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. அதே கைகள் 1957இல் பெண்களுக்காக மனையியல் கல்லூரியைத் தொடங்கின. ராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்தெடுத்தார், 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பேரூர் ஆதீனம் தமிழ்க் கல்லூரி நடத்துகிறது. கிறித்தவர்களிடம் இது இன்னும் பழையது. பிரெஞ்சுக் குருவான ஜோசப் லூயி ரவேல் கோவையில் கன்னியர் சபை ஒன்றை நிறுவியது 1853இல். அந்தச் சபையின் சகோதரிகள் 1948இல் தொடங்கியது நிர்மலா கல்லூரி. எங்கள் சின்னம்மாவின் தலைமுறையில் கொங்கு நாட்டில் ஒரு பெண் பட்டம் வாங்கினாள் என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு சாமியின் பெயரால் நடந்த கட்டடத்தில்தான் வாங்கியிருப்பாள்.

6 லட்சத்தை நிரந்தர வைப்பாகக் கொடுத்து, 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 42,000 ரூபாய் வரும். இரண்டு பிள்ளைகளின் கட்டணத்துக்கு ஆகும். நல்ல வழிதான். ஆனால் காலம் மாறிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்ணுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மதிப்பெண் உள்ள பெண்ணுக்குக் கதவு திறக்கிறவர்கள் இன்றைக்கு நிறையப் பேர். முப்பது வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தையோடு நடுத்தெருவில் நிற்பவளுக்கு எந்த உதவித்தொகையும் பொருந்தாது. குழந்தைகள் இல்லம் குழந்தையை மட்டும் சேர்த்துக்கொள்ளும். முதியோர் இல்லத்துக்கு அவளுக்கு வயது போதாது. சின்னம்மா இதை ஒப்புக்கொள்ள இரண்டு ஞாயிறுகள் ஆயின.

முஸ்லிம்களின் பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத்தைப் பற்றி நாங்கள் யோசித்திருக்கவே மாட்டோம். திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் ஓர் அக்கா இருக்கிறார், தையல் மெஷின் ஆறு வைத்து நடத்துகிறார். "என் முதல் மெஷின் பைத்துல்மால் பணத்தில் வாங்கியது" என்று ஒருநாள் சொன்னார். பைத்துல்மால் என்பது ஜமாஅத்தின் பொது நிதி. இரண்டு வளையலை அடகு வைத்து 20,000 ரூபாய் வாங்கி, பத்து மாதத்தில் திருப்பிக் கட்டினாராம். வட்டி ஒரு பைசா இல்லை. அவருடைய மஹல்லாவின், அதாவது அவர் பகுதிப் பள்ளிவாசல் வட்டாரத்தின், பொறுப்பாளர்களிடம் எங்களை அழைத்துப் போனதும் அவர்தான்.

அங்கே இருந்த பெரியவர் பொறுமையாக விளக்கினார். சேமிப்பில் இரண்டரை சதவீதம் ஸகாத்தாகக் கொடுப்பது கடமை. யாருக்குக் கொடுக்கலாம் என்று குர்ஆனில் எட்டு வகையினர் சொல்லப்பட்டிருக்கிறார்கள், கடனில் சிக்கியவரும் அதில் ஒருவர். ஸகாத் கணக்கு தனி, கடன் நிதி தனி. உங்களைப் போன்றவர்கள் கொடுப்பதை நன்கொடையாக வாங்கிக் கடன் நிதியில் போடுவோம், வங்கியில் போட்டு வட்டி எடுக்க மாட்டோம் என்றார். மாமா அங்கேயே விரல் விட்டு எண்ணினார். 20,000 வீதம் 30 பெண்களுக்குக் கொடுக்கலாம். பத்து மாதத்தில் திரும்பி வந்தால் பத்து ஆண்டில் 360 பெண்கள். வட்டியில் படிக்க வைத்தால் ஆண்டுக்கு இரண்டு பேர். "கணக்கு என்றால் இதுதான் கணக்கு" என்று காரில் ஏறும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். எருமை வாங்க அவருடைய அப்பா கொடுத்ததும் இதே மாதிரிக் கடன்தான். அது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

எனக்கு அங்கே உறைத்தது வேறொன்று. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு உறவினர்களால் பராமரிப்புக் கொடுக்க முடியாமல் போனால், மதத்துக்கு எழுதி வைத்த சொத்துகளைப் பார்க்கும் வக்ஃபு வாரியம் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி இருக்கிறது. நடைமுறையில் அதை வாங்குவதற்குள் பெண் எவ்வளவு அலைய வேண்டும் என்பது தனிக்கதை. ஆனாலும் மதத்தின் சொத்துக்கு அவள் மேல் ஒரு கடமை உண்டு என்று எழுத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம், கணவனை இழந்த மருமகளைப் பராமரிக்கும் கடமையை, கையில் குடும்பச் சொத்து இருந்தால், மாமனார் மேல் 1956ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கிறது. கூட்டத்தின் மேலும் குலதெய்வக் கோயிலின் மேலும் எந்தக் கடமையும் இல்லை.

அந்தப் பைத்துல்மாலில் இரண்டு தடைகள் இருந்தன. கடனுக்கு ஈடாக நகை வேண்டும், அல்லது மஹல்லாவில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். பிற மதத்தவருக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் அந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டும். வளையலும் இல்லாமல், கையெழுத்துப் போட ஆளும் இல்லாமல், குடியிருக்க வீடும் இல்லாமல் வந்த அம்முச்சிக்கு இந்தக் கதவும் பாதிதான் திறந்திருக்கும்.

இடையில் வேறு சில இடங்களையும் பார்த்தோம். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கியதைப் பின்பற்றிச் சன்மார்க்க சங்கத்தார் எங்கள் பக்கமும் கஞ்சி ஊற்றுகிறார்கள், சிறு தொகைக்கும் பலன் உண்டு. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி வழிபாட்டு மன்றங்களில் பெண்களே முன்னால் நின்று பூசை செய்கிறார்கள், மாதவிலக்கு என்று யாரும் தடுப்பதில்லை. சுபகாரியம் என்றாலே ஒதுங்கி நின்று பழகிய அம்முச்சி அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசை. எங்கள் கேள்விக்கு உரிய இடங்கள் அவை இல்லை என்பதால் அவற்றைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

கடைசியாகப் போனது கன்னியர் நடத்தும் ஒரு விடுதி. மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிற பெண்கள் தங்குகிறார்கள். அதன் பின்கட்டில் நான்கு அறைகள், தாயும் குழந்தையும் சேர்ந்து தங்குவதற்கு. இரண்டு ஆண்டுகள் இருக்கலாம். அதற்குள் தையலோ வேலையோ பிடித்துக்கொண்டு தனி வீடு பார்க்க வேண்டும். நான்கு அறையும் நிரம்பியிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று இன்னும் இரண்டு அறைகளைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

உள்ளே நுழைவதற்கு முன்பே மாமா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். மதம் மாற்றுவார்கள் என்பது அவருடைய பயம், அதை அவர் மறைக்கவில்லை. நேராகவே கேட்டார். பொறுப்புச் சகோதரிக்கு அறுபது வயது இருக்கும், கோபப்படவில்லை. "ஆறரை மணிக்கு நாங்கள் ஜெபம் செய்வோம், ஐயா. வருகிறவர்கள் வரலாம். வராதவர்களை ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டோம். நீங்கள் என்னை நம்ப வேண்டாம், அறைகளைப் பாருங்கள், அவர்களிடமே கேளுங்கள்" என்றார். ஓர் அறையின் அலமாரியில் முருகன் படம் போட்ட நாட்காட்டி, அதன் முன் ஒரு சின்ன வேல், வாடாத செம்பருத்தி ஒன்று. அந்த அறைப் பெண் தாராபுரம் பக்கத்துக்காரர். மாமா அவரிடம் பத்து நிமிடம் பேசினார். வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இன்றும் முழு நிம்மதி இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பயம் இருக்கிறது என்பதற்காகக் கூரையை ஒழுக விடவும் முடியாது.

சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்த்தோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விடுதியோ இல்லமோ நடத்துகிறவர்கள் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். கேட்டதும் எடுத்துக் காட்டினார்கள். எந்த மதத்தவர் நடத்தினாலும் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், காட்டத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வருமானவரியில் கிடைக்கும் 80ஜி என்ற சலுகை ஒரே மதத்தாருக்கு மட்டும் நடக்கும் அறக்கட்டளைக்குப் பொதுவாகக் கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று நடக்கும் நிறுவனத்தை அப்படி ஒரு மதத்துக்குரியதாகக் கருதக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழைய முறையில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் இது பயன்படும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. ரசீதுக்காகப் பான் அட்டைகளை எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். என் அம்மாவின் அட்டையில் அவருடைய அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. கல்யாணமாகி நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகும் அந்த ஓர் அட்டையில் அவர் பிறந்த வீட்டுப் பெண்.

விடுதியிலும் எங்களுக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் 'பாதுகாவலர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். இருபது வயதுப் பெண்ணுக்கும் முப்பத்தைந்து வயதுத் தாய்க்கும் அதே படிவம். அப்பாவோ அண்ணனோ வந்து கையெழுத்துப் போட்டால்தான் அறை. பெரியம்மா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "கையெழுத்துப் போட ஆள் இருந்தால் அவள் எதற்கு இங்கே வருகிறாள்?" என்று கேட்டார். சகோதரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிரச்சினை வந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று வைத்த விதி, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தாய்-குழந்தை அறைகளுக்கு அந்தப் பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும், அவசரத்துக்கு யாருக்காவது தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண் கொடுத்தால் சரி. கேட்டால் விதியை மாற்றுகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்று அன்றிரவு முடிவு செய்தோம்.

5 லட்சம் அந்த இரண்டு அறைகளின் கூரைக்கும் கட்டிலுக்கும் ஒரு சின்ன சமையலறைக்கும். மீதி 1 லட்சம் அங்கேயே கடன் நிதியாக. அறையைக் காலி செய்து வெளியே போகிற பெண் வீட்டு முன்பணத்துக்கோ தையல் மெஷினுக்கோ எடுத்துக்கொள்ளலாம், பத்து மாதத்தில் திருப்ப வேண்டும், வட்டி இல்லை, நகை ஈடும் இல்லை. இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தது ஜமாஅத்துப் பெரியவர்தான். நகையில்லாமல் கொடுத்தால் சில கடன்கள் திரும்பாது என்று அவர் எச்சரித்தார், அதற்கும் தயாராகவே இருக்கிறோம். திதியன்று பேரூரில் சாப்பாடு போடுவதை எங்கள் கைப்பணத்தில் பார்த்துக்கொள்கிறோம்.

குலதெய்வக் கோயிலுக்கு ஒன்றும் இல்லையா என்று மாமாவிடம் பங்காளிகள் கேட்டிருக்கிறார்கள். பங்குனியில் பொதுக்குழு கூடுகிறது. அதில் வைக்க அவரே தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, போன ஞாயிறு எங்களிடம் படித்துக் காட்டினார். கணவனை இழந்து பிறந்த ஊருக்குத் திரும்பி வந்திருக்கும் பெண்களை ஒவ்வொருவராகத் தனித் தலைக்கட்டாக எழுதிக்கொண்டு, அவர்களிடமும் வரி வாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.